அங்கத்தவர் எண்டால் ஆர்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் காசு கட்டி ஏமாந்த குத்துச்சண்டை ஜிம்மின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. வழக்குப் போடுவார்கள் என்ற பயம் கொஞ்சம் இருக்கிறதுதான், மறைக்கவில்லை. ஆனால் பெயரைப் போட்டால் "அந்த ஜிம் கூடாது, மற்ற ஜிம்முக்குப் போங்கோ" என்று கதை அதோடு முடிந்துவிடும். எங்களுக்கு அப்படி முடிக்க விருப்பமில்லை. அது வடக்கின் நகரம் ஒன்றில் இருக்கிற ஜிம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் மன்னார்த் தீவுக்குள்ளே, இரண்டு பேர் பாலத்துக்கு இங்கால் வங்காலை, அரிப்புப் பக்கம். படிப்புக்காக ஊரை விட்டு வந்து அறை எடுத்து நிற்கிறோம். எங்கள் வயதுக்காரர் பலரைப் போலவே எங்களுக்கும் குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்தது 2021 இல். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நேரம் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. ஒரே போனைச் சுற்றி இருந்து பார்த்தோம். அடுத்த நாளே கடற்கரையில் நைலோன் கயிற்றை எடுத்து ஸ்கிப்பிங் அடிக்கத் தொடங்கினது எங்களில் எத்தனை பேர்! சோளகக் காத்து கயிற்றை ஒரு பக்கம் இழுக்கும், மணல் மற்றப் பக்கம் இழுக்கும். ஒழுங்காகச் சொல்லித்தர ஒரு ஆள் இருந்தால் என்று அப்போது நினைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஆசையோடுதான் இந்த "பொக்ஸிங் ஸ்ரூடியோ"வின் கண்ணாடிக் கதவைத் திறந்தோம். உள்ளே ஏசி. சிவப்பு லைற். சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு பக்கம் மொஹமட் அலி, ஒரு பக்கம் ஆர்யா. கூரையிலிருந்து தொங்கிய பைகள் எட்டு. அவர்களின் முகநூல் விளம்பரம் மூன்று வாக்குறுதி தந்தது. தேசிய மட்டத்தில் ஆடிய பயிற்றுநர். ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் இல்லை. பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்றுநர். மாணவர் சலுகை வேண்டுமென்றால் ஆறு மாதக் காசை முன்கூட்டியே கட்டவேண்டும். கட்டினோம். ஒருத்தரின் மகாபொலக் காசு, ஒருத்தரின் அப்பா நண்டு வலை இழுத்த காசு, ஒருத்தியின் அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு. கையெழுத்துப் போட்ட பேப்பரை வாசித்தோமா? இல்லை. அது எங்கள் பிழை. ஒத்துக்கொள்கிறோம்.

முதல் இரண்டு கிழமை எல்லாம் சரி. மூன்றாம் கிழமை தேசிய மட்டப் பயிற்றுநரைக் காணோம். "சேர் கொழும்புக்குப் போயிட்டார், வருவார்." அவர் திரும்பி வரவேயில்லை. அவர் இடத்தில் ஸ்பீக்கரும் மைக்கும் பிடித்த ஒரு தம்பி வந்தார். பாட்டுப் போகும், அவர் "வன்-ரூ, வன்-ரூ, கமோன்" என்பார், நாங்கள் குத்துவோம். பத்துப் பேர் வகுப்பு இருபத்திரண்டு பேர் வகுப்பானது. எட்டுப் பைக்கு இருபத்திரண்டு பேர் என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். பாதி நேரம் வரிசையில் நின்று மற்றவனின் முதுகைப் பார்த்தோம்.

குத்துச்சண்டையில் முதல் பாடம் குத்து இல்லை, கையைச் சுற்றுவது. நாலரை மீற்றர் துணியை மணிக்கட்டிலும் விரல் மொளிகளிலும் எப்படிச் சுற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்று தெரியாமல் கனமான பையைக் குத்தினால் மணிக்கட்டு மடங்கும். குத்து விழவேண்டியது சுட்டுவிரல், நடுவிரல் மொளிகளில். சின்னவிரல் பக்கம் விழுந்தால் கை எலும்பு போகும். இதெல்லாம் எங்களுக்கு அங்கே ஒருவரும் சொல்லித்தரவில்லை. எங்களில் ஒருவனுக்கு மணிக்கட்டு வீங்கி, பரீட்சை எழுதக் கஷ்டப்பட்ட பிறகு யூரியூப்பில் பார்த்துப் படித்தோம். ஆறு மாதக் காசு கட்டி யூரியூப்பில் படித்த முதல் ஆக்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

இரண்டாம் மாதம் ஒரு மாலை "இண்டைக்கு ஸ்பாரிங், வீடியோ எடுக்கிறம்" என்றார்கள். ஒழுங்காகக் காலடி வைக்கவே தெரியாத ஒருவனை அவனைவிடப் பதினைந்து கிலோ கூடின ஒருவரோடு இறக்கினார்கள். பல்லுக்குக் கவசம் இல்லை. கையில் பையைக் குத்துகிற மெல்லிய கிளவுஸ். உதடு வெடித்தது பெரிய விசயம் இல்லை. இரண்டு நாள் தலையிடி, சத்தி வருகிற மாதிரி ஒரு உணர்வு. தலையில் அடிபட்டவனுக்கு இப்படி வந்தால் அவனை உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பது பயிற்றுநருக்குத் தெரிந்திருக்கவேண்டிய அரிச்சுவடி. எங்களுக்குக் கிடைத்த பதில்: "பொக்ஸிங் எண்டால் அப்பிடித்தான் தம்பி." அந்த வீடியோவுக்கு நிறைய லைக் விழுந்தது.

லோயிக் வக்கான் என்று ஒரு பிரெஞ்சுச் சமூகவியலாளர் இருக்கிறார். 1988 இல் சிக்காகோவின் தெற்கே கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலுள்ள ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் தானே சேர்ந்து, மூன்று வருசத்துக்கு மேல் பயின்று, அதைப் புத்தகமாக எழுதினார். அந்தக் கூடம் ஓட்டை உடைசல். ஆனால் அங்கே யாரை யாரோடு, எப்போது, எவ்வளவு வேகத்தில் மோதவிடுவது என்பதில் வாத்தியாரின் கண் எப்போதும் இருக்கும். கெட்டிக்காரன் புதியவனோடு இறங்கினால் தன் பலத்தைக் குறைத்துத்தான் ஆடவேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அடிதடி மாதிரித் தெரிகிற ஒன்று, உள்ளே மிகக் கவனமாகக் கட்டுப்படுத்தப்பட்ட உழைப்பு என்பதுதான் அவர் சொன்ன விசயம். வடசென்னையின் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளும் இப்படி வாத்தியார்-மாணவர் உறவில் நின்றவைதான். எங்கள் ஸ்ரூடியோ அந்தப் பரம்பரையின் போஸ்டரை மட்டும் வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, வாத்தியாரை வெளியே விட்டுவிட்டது.

இதுவரை சொன்னது எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. இனிச் சொல்லப்போவதுதான் எங்களை எழுத வைத்தது.

எங்களில் ஒருத்தி இந்த ஜிம்முக்கு வர வீட்டில் ஒரு மாதம் சண்டை பிடித்தவள். கடைசியில் அம்மா சம்மதித்தது ஒரே ஒரு வரிக்காக: பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்றுநர். அந்த வரியை அவள் போனில் காட்டி, அம்மா கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்த பிறகுதான் காசு வந்தது. பெண் பயிற்றுநர் ஒரு மாதத்தில் விலகினார். சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். பெண்கள் நேரம் "தற்காலிகமாக" பொது வகுப்போடு சேர்க்கப்பட்டது. பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். இவள் நிற்கவில்லை, பிடிவாதக்காரி. கடைசி வரிசையில் நின்று குத்தினாள்.

பிறகு ஒரு நாள் ஜிம்மின் முகநூல் பக்கத்தில் அவளின் படம். வியர்வையில் நனைந்த ரீசேட், முகம் முழுக்கத் தெரிகிறது, மேலே சலுகை விலை. அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. காசு கட்டின விளம்பரம் என்றபடியால் அது ஊர் வரைக்கும் போனது. பேசாலைக்கும் போகும், தாழ்வுபாட்டுக்கும் போகும், கட்டாருக்கும் கனடாவுக்கும் போகும். கீழே வந்த கருத்துகளை இங்கே எழுத மாட்டோம். அண்ணன் போன் எடுத்துச் சொன்னது ஒரே வசனம்: "நாளையிலிருந்து நீ அங்க போகக் கூடாது." படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டபோது மனேஜர் அவள் கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டினார். அங்கத்தவர்களின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டாம். மிச்சக் காசைக் கேட்டபோது அதே பேப்பரில் அடுத்த வரியைக் காட்டினார். எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது.

"பிடிக்காட்டில் விட்டிட்டுப் போங்கோவன், ஏன் கட்டுரை எழுதுறீங்கள்?" என்று கேட்பவர்கள் வருவார்கள். இன்னும் சிலர், "நீங்கள் ஒழுங்காப் போகேல்ல, சோம்பேறியள், பழியை ஜிம்மில போடுறீங்கள்" என்பார்கள். இரண்டாவது ஆக்களுக்கு முதலில் பதில்.

ஸ்ரெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2006 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 அங்கத்தவர்களின் வருகைப் பதிவை மூன்று வருசத்துக்குப் பார்த்தார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் சந்தா கட்டினவர்கள் சராசரியாக மாதம் 4.3 தரம்தான் போனார்கள். அதாவது ஒரு தரத்துக்கு 17 டொலருக்கு மேல். அதே ஜிம்மில் பத்துத் தரத்துக்கான அட்டை எடுத்திருந்தால் ஒரு தரம் 10 டொலர்தான். சந்தாவை நிறுத்தினவர்கள்கூட, கடைசியாகப் போன நாளுக்குப் பிறகு சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா கட்டியிருக்கிறார்கள். நாளைக்கு நான் திருந்திவிடுவேன் என்று மனிதர் நினைப்பதை நம்பித்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. எட்டுப் பை உள்ள இடத்தில் எண்பது பேருக்கு அங்கத்துவம் விற்கலாம் என்றால், வராமல் நிற்கிறவர்தான் நல்ல வாடிக்கையாளர். அங்கத்தவர் தொடர்ந்து வரவேண்டும் என்ற அக்கறை அப்படியான இடத்துக்கு எங்கிருந்து வரும்?

இனி, விட்டுப்போகச் சொல்பவர்களுக்கு. விடத்தான் விட மாட்டேன் என்கிறார்கள். இது எங்கள் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. அமெரிக்காவில், சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும் என்று வர்த்தக ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறைபாடு என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே அதே ஆணைக்குழு, அங்கத்தவர்கள் விலகுவதைக் கஷ்டமாக்குகிறது என்று சொல்லி ஒரு பெரிய ஜிம் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அங்கேயே இந்தப் பாடு.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. சேவையில் குறை என்றால் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும் என்பதைக் கவனியுங்கள். எங்களிடம் பற்றுச்சீட்டு இல்லை, வட்ஸ்அப் மெசேஜ்தான் இருந்தது. "பிறகு தாறம்" என்றார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரே, காசு கட்டின அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டைக் கேளுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். வெட்கப்படாதீர்கள்.

வாடகை, கரண்ட் பில், இறக்குமதிச் சாமான் விலை எல்லாம் 2022 க்குப் பிறகு எப்படி ஏறியது என்று எங்களுக்கும் தெரியும். ஜிம் நடத்துகிறவர் இலாபம் எடுக்கவேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நியூயோர்க்கின் கிளீசன்ஸ் ஜிம் 1937 இலிருந்து இருக்கிறது. 1980களில் அவர்கள்தான் கந்தோர் உத்தியோகத்தர்களுக்கும் வக்கீல்களுக்கும் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துக் காசு எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த வக்கீல் பயின்ற அதே கூடத்தில் தொழில்முறை வீரர்களும் பயின்றார்கள். வாத்தியாரைக் கலைத்துவிட்டு ஸ்பீக்கரைப் பூட்டவில்லை. காசு வாங்குவது களவு இல்லை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கினால் அதற்கு வேறு பெயர்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கதைக்கவேண்டும். மன்னாரில் விளையாட்டு என்றால் உதைபந்தாட்டம். கடற்கரை முழுக்க ஊருக்கு ஒரு கழகம், கத்தோலிக்க ஊர்களில் பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயரோடு. அந்தக் கழகத்தில் அங்கத்தவர் என்றால் ஆர்? வருசச் சந்தா கட்டுகிறவன். அது சின்னக் காசு. ஆனால் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று, "போன வருசம் கோல் போஸ்ட்டுக்கு எடுத்த காசு எங்க?" என்று பொருளாளரைக் கேட்கிற உரிமை அவனுக்கு உண்டு. தலைவரை மாற்றக் கை உயர்த்தலாம். மைதானத்தில் புல்லு வெட்டவேண்டிய கடமையும் உண்டு. கூட்டம் சண்டையில் முடியும், கதிரை பறக்கும், அடுத்த நாள் ஒன்றாகப் பந்து அடிப்பார்கள். ஜிம்மில் எங்களுக்கு "மெம்பர்" என்ற அட்டை தந்தார்கள், பெயர் அச்சடித்து, பிளாஸ்ரிக்கில். அந்த அட்டையோடு ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. அங்கத்தவர் என்ற சொல்லைக் கடன் வாங்கிப் பாவித்துவிட்டு, அதற்குள் இருந்த உரிமையை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

கழகத்தைப் புகழ்ந்து இதோடு நிறுத்தினால் எங்களுக்கு வசதி. எங்கள் தோழி அப்படி நிறுத்த விடவில்லை. "உங்கட கழகத்தில எனக்கு இடம் இருந்ததா?" என்று கேட்டாள். நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சின்ன வயதில் மைதான ஓரத்தில் நின்று வெளியே வந்த பந்தை எடுத்துக் குடுத்தது மட்டும்தான் அவளுக்கும் கழகத்துக்கும் உள்ள உறவு. பொதுக்கூட்டத்தில் எங்களுக்கு இருந்த அந்தக் கை உயர்த்தும் உரிமை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஊர் தராத இடத்தை ஒரு கண்ணாடிக் கதவுக்காரன் விற்றான், அவள் வாங்கினாள். அவளைப் போன்றவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் அவன் முதல். அதற்கு எங்கள் கழகங்களும் பங்காளி.

அரசாங்கமும்தான். இந்த நாட்டில் குத்துச்சண்டை வளர்ந்தது பெரும்பாலும் தெற்கின் பள்ளிக்கூடங்களிலும் இராணுவ, கடற்படை, விமானப்படை, பொலிஸ் கழகங்களிலும். மன்னார்க் கடற்கரைப் பிள்ளை ஒன்று அந்த ஏணியில் ஏறுவது எவ்வளவு சிக்கல் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. திறமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022 ஜனவரியில் முல்லைத்தீவின் கணேஷ் இந்துகாதேவி பாகிஸ்தானின் லாகூரில் கிக் பொக்ஸிங்கில் தங்கம் எடுத்தார். 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் அனுஷா கொடிதுவக்கு வெண்கலம் எடுத்தார். பெண்கள் குத்துச்சண்டை 2012 இலேயே ஒலிம்பிக்குக்கு வந்துவிட்டது. மன்னாரிலும் வன்னியிலும் ஒரு பெண் கையில் துணி சுற்றிப் பழக ஒரு பொது இடம் இன்னும் சுலபமாகக் கிடைப்பதில்லை. வென்று வந்தால் மாலை போடுவோம். பழகப் போனால் "உனக்கு ஏன் இந்த வேலை?" என்போம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஜிம் நடத்துபவர்களே, பயிற்றுநர் ஆர், எங்கே பழகினவர், எத்தனை மணித்தியாலம் நிற்பார் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவர் போனால் மிச்சக் காசைத் திருப்பிக் குடுங்கள். ஸ்பாரிங் என்றால் நிறை பார்த்து, பல்லுக் கவசம் போட்டு, தெரிந்த ஒருவர் நடுவில் நிற்கவேண்டும். படம் எடுப்பது என்றால் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும். ஆறு மாதத்துக்கு முன் ஒரு பேப்பரில் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

ஊர்க் கழகங்களே, அடுத்த பொதுக்கூட்டத்தில் பெண் பிள்ளைகளை அங்கத்தவராகச் சேர்க்கிற தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். பார்வையாளராக வேண்டாம், வாக்கோடு. மாலையில் ஒரு மணித்தியாலம் மைதானத்தை அவர்களுக்கு விடுங்கள். ஒரு சாக்கில் பழைய துணியை அடைத்து மரத்தில் கட்ட எவ்வளவு செலவாகும்? மாவட்ட விளையாட்டுப் பிரிவே, மாதத்தில் இரண்டு நாளாவது தகுதியான ஒரு பயிற்றுநரை, பெண் பயிற்றுநரையும், தீவுக்கு அனுப்புங்கள். தலைமன்னார் வரைக்கும் ரயில் ஓடுகிறது. வர வழி இருக்கிறது.

அம்மா அப்பாமாரே, அண்ணாமாரே, படத்தைப் போட்டது அவள் இல்லை. தண்டனை மட்டும் அவளுக்கு.

அவள் இப்போது ஜிம்முக்குப் போவதில்லை. கைத்துணி இரண்டும் அறையில் கொடியில் காய்கிறது, ஏனென்றால் விடியக் காலையில் நாங்கள் ஐந்து பேரும் பல்கலைக்கழக மைதானத்தின் மூலையில் நிழலோடு குத்திப் பழகுகிறோம். யூரியூப்தான் வாத்தியார். பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. கால் இன்னும் பிழைக்கிறது.

காசைப் பற்றிக் கடைசியாக ஒரு முடிவு எடுத்தோம். அது போகட்டும். ஆனால் இதை எழுதுகிற இன்று காலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம், விளம்பரம் இன்னும் இருக்கிறது. அந்த மனேஜர் இதை வாசித்தால், தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

படத்தை எடுங்கோ.